எண்பத்து மூன்றாம் தூண்

லிஸ்பன் வாசலில் ஓர் இரும்புக் கூண்டு.
பெட்டி அதற்குள் இறங்கினால் பயணம்,
இறங்காவிட்டால் அறுபது யூரோ.
என் பெட்டி ஒரு விரற்கடை
வெளியே நின்றது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்:
நானும் கூண்டு கட்டியவன்தான் அம்மா.
கம்பி வளைத்து, பலகை அடைத்து, தூக்குக்குண்டு விட்டு,
ஒரு விரற்கடை பிசகினால்
மொத்தத்தையும் பிரித்துக் கட்டியிருக்கிறோம்.
உங்கள் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.
அவள் அட்டை தேய்க்கும் கருவியை நீட்டினாள்.

பதினேழு ஏ. ஜன்னல்.
முழங்கால் முன்சீட்டின் முதுகில்.
தண்ணீருக்கும் காசு.
மகள் கல்யாணத்தில் மிச்சமான கேக்
மடியில், செய்தித்தாளில் சுற்றி.

எங்கள் மதெய்ராத் தீவில் சமதரை கிடையாது.
உருளைக்கிழங்குகூட
சரிவைப் பிடித்துக்கொண்டுதான் விளையும்.
ஓடுபாதை போதவில்லை என்று வந்தார்கள்.
நீட்ட நிலம் இல்லை,
கடல் இருந்தது.
கடலோரம் தூண் நட்டோம்,
ஒவ்வொன்றும் மாதாகோயில் மணிக்கூண்டு உயரம்.
வாழைத்தோப்பு போனது.
அக்காள் இடலினாவின் வீடு போனது,
பதிலுக்கு லிப்ட் வைத்த அடுக்ககம் கொடுத்தார்கள்.
மேலும் கீழும் போய்வந்து சொன்னாள்:
எனக்கு இந்த விமானம் போதும்.

எண்பத்து மூன்றாம் தூணுக்கு
ராத்திரி முழுக்கக் கலவை கொட்டினோம்.
நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தையல் விழும்.
விடியற்காலை நாலு மணிக்கு
யாரோ பாதிரியாரைப் பற்றி ஒரு கதை சொல்ல,
அவெலினோ குனிந்து சிரித்தான்.
மேல்வரிசைப் பல்செட்
உள்ளே விழுந்தது.
மேஸ்திரி எட்டிப் பார்த்தார்,
கடிகாரத்தையும் பார்த்தார்.
கொட்டு என்றார்.
கிறிஸ்துமஸ் வரை அவெலினோவுக்குச் சூப்புதான்.

இதோ தீவு. இடப்பக்கம் மலை,
வலப்பக்கம் மலை விட்டு வைத்த கடல்.
காற்று கொஞ்சம் அதிகம்,
முயன்று பார்ப்போம், என்றது ஒலிபெருக்கிக் குரல்.
முயன்று பார்ப்பது கொத்தனார் பேச்சு,
விமானிக்கு ஆகாது.
சாய்ந்து திரும்பினோம்.
முனையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன்:
எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தொன்று…
எஞ்சின் அலறியது. மூக்கு மேலே போனது.
வயிறு மட்டும் கீழேயே தங்கிவிட்டது.

பக்கத்து இருக்கை ஜெர்மன்காரர்
என் கையைப் பிடித்திருந்தார், வெட்கப்படாமல்.
பாதை உறுதியானதா? என்றார்.
உறுதிதான்.
அதற்குப் பல்கூட இருக்கிறது, என்றேன்.
கையை விட்டுவிட்டார்.

இரண்டாம் முறை.
சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டுவது எங்கள் வழக்கம்,
காற்றைத் தெரிந்தவர்கள் நாங்கள்.
கேக்கைத் தொடைக்கு இடுக்கிக்கொண்டு
இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்திருந்தேன்.
மறுபடியும் அலறல்.

போர்த்தோ சாந்தோவில் இறக்கிவிட்டார்கள்.
ஐந்து யூரோவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.
சான்ட்விச் ஆறு நாற்பது.
கேக்கைப் பிரித்தேன்.
ஜெர்மன்காரருக்கு ஒரு துண்டு,
அழுகிற குழந்தைக்கு ஒரு துண்டு,
வாங்கமாட்டேன் என்ற பணிப்பெண்ணுக்குப் பெரிய துண்டாக.
பைகளில் தலை வைத்துத் தூங்கினோம்.

காலையில் கப்பல்.
இரண்டரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக் கொண்டு
கல்யாணச் சாப்பாட்டை
மீன்களுக்குப் பரிமாறினேன்.

என் வண்டி ஓடுபாதைக்கு அடியில் நிற்கிறது,
தூண்களுக்கு நடுவே, வாடகைக்கு.
ஒரு நாள் கூடுதல்: பதினோரு யூரோ.
நான் நிறுத்திய நிழலுக்கு
நானே கொடுத்தேன்.

சாவியைத் தேடும்போது தலைக்கு மேலே
தொம்.
யாரோ இறங்கிவிட்டார்கள்.
காற்று ஓய்ந்திருக்கிறது போலும்.
உள்ளே இந்நேரம் தட்டிக்கொண்டிருப்பார்கள்,
இங்கே ஒன்றும் கேட்காது.

எண்பத்து மூன்று, நாலு வண்டி தள்ளி.
போனேன்.
குளிர்ந்த சிமெண்டில், தோள் உயரத்தில்,
நேற்றிலிருந்து மிச்சமிருந்த இரண்டு கைகளால்
தட்டினேன்.

டேய் அவெலினோ.